பாதச் சிக்கனம்

பாதம் தேய்க்க அழகு நிலையத்துக்குப் போவது வீண் செலவு என்பதை எங்கள் மண்கும்பான் கிராமமும் உணர்ந்துவிட்டது. பெருமகிழ்ச்சி. இனி எல்லாம் வீட்டிலேயே. தேவையானவை சொற்பந்தான்: அதிரும் பிளாஸ்டிக் தொட்டி, குதிக்கால் தேய்க்கும் மெசின், வெள்ளரிக்காய் மணக்கும் கிறீம், ஒரு போத்தல் சாக்கடல் உப்பு. கடல் மட்டத்துக்கு 400 மீற்றருக்கும் கீழே கிடக்கும் ஏரியின் உப்பு, சுற்றிவரக் கடல் உள்ள எங்கள் வேலணைத் தீவுக்கு வந்து சேர்வது லேசான காரியமா? ஆனையிறவு உப்பு கறிக்குச் சரி. காலுக்கு ஒரு தராதரம் வேண்டாமா?

பவுசரில் வரும் நல்ல தண்ணீரில் ஒரு வாளியைப் பாதத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். வீட்டார் கொஞ்சம் தாகம் பொறுக்கலாம். ஒரு நாளைக்கு மூன்று தரம் விடாமல் தேய்த்தால், அடுத்த வருடத்திலிருந்து இலாபம். அதுவரை பாதம் மிஞ்சினால் போதும்.

அந்தக் காலத்து ஆச்சிமாருக்குச் சிக்கனம் தெரியாது. மணலில் வெறுங்காலோடு நடந்தே குதிக்காலைத் தேய்த்து, இரவில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு படுத்துவிட்டார்கள். மெசினும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. எதைச் சேமித்தோம் என்று எப்படிக் கணக்குக் காட்டுவது?

நல்லவேளை, அந்தப் பழக்கம் திரும்பிவர வழியில்லை. ஊர் மணலை இரவோடிரவாக டிப்பர்கள் அள்ளிப் பண்ணைப் பாலம் தாண்டுகின்றன. பட்டணத்தில் அது மாடிக் கட்டடமாக எழும்புகிறது. கீழ்த்தளத்தில் அழகு நிலையம். அங்கே புதிதாக மணல் தேய்ப்பு, கட்டணம் தனி.

சாட்டிக் கடற்கரையில் இன்னும் மணல் இருக்கிறது. வெறுங்காலுக்கென்று அங்கே கட்டணம் கிடையாது. தயவுசெய்து பிரதேச சபைக்காரர் காதில் இதைப் போட்டுவிடாதீர்கள்.