செல்லாக்காசு இயல்: சித்தையன்கோட்டையை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

பழங்காசு சேர்ப்போர் குழாத்தில் ஒருவன் எப்படி உறுப்பினன் ஆகிறான் என்பதை அறிஞர் உலகம் முறையாகக் கவனிக்கவில்லை. காசைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காசை அடித்த மன்னனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காசை வாங்கிவிட்டு, வீட்டில் என்ன விலை சொல்வது என்று தெரியாமல் செம்பட்டி பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவனைப் பற்றி எழுத ஆளில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் திண்டுக்கல் மாவட்டம், ஆத்தூர் வட்டம், சித்தையன்கோட்டை பேரூராட்சி. இவ்வூரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆழ்ந்த முறையியல் காரணம் உண்டு: ஆய்வாளனின் வீடு அங்கேதான் இருக்கிறது.

முதலில் இலக்கணத்தை முடித்துவிடுவோம். ‘செல்லாக்காசு’ என்பதில் ‘செல்லா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கெட்டது ஈறு மட்டும்தான். காசு கெடவில்லை என்பதே இக்குழாத்தாரின் அடிப்படை நம்பிக்கை. ஊரில் இச்சொல்லை ஆளைத் திட்டத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்த ஆய்வைத் தொடங்கிய மாதத்தில் என் வீட்டிலும் அது இருமுறை பயன்பட்டது. இருமுறையும் காசைக் குறித்து அல்ல.

இனி என் கருதுகோள்: ஒரு காசு செல்லுகிற வரைக்கும் அதை யாரும் பார்ப்பதில்லை.

இதைச் சோதிக்க டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரிடம், சட்டைப்பையில் இருக்கிற ஒரு ரூபாயை எடுக்காமல் அதன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். ஒருவர் சிங்கம் என்றார். ஒருவர் காந்தி என்றார். மூன்றாமவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். நான்காமவர், “ஒத்த ரூவாய்க்கு இம்புட்டுக் கேள்வியாய்யா?” என்றார். கருதுகோள் நிரூபணமாயிற்று.

நேர்மையான ஆய்வாளன் விதிவிலக்கை மறைக்கக்கூடாது. பத்து ரூபாய்க் காசை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்தார்கள், உற்றுப் பார்த்தார்கள். கோடு பத்து இருந்தால் செல்லும், பதினைந்து இருந்தால் செல்லாது என்று மளிகைக்கடை வாசலில் எண்ணினார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பத்து ரூபாய்க் காசு 14 வடிவங்களில் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று அறிவித்த பிறகும் கடைக்காரர்கள் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஆழ்ந்து நோக்கின் இது விதிவிலக்கே அல்ல. செல்லாதோ என்ற ஐயம் வந்ததும் கண் திறந்துகொள்கிறது. கருதுகோளுக்கு இது கூடுதல் பலம்.

களப்பணியின்போது நேர்ந்த ஒன்றையும் பதிவு செய்யவேண்டும். செம்பட்டி பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தார். வாங்கித் திருப்பி, ஆண்டுக்குக் கீழே பார்த்தேன். அங்கே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், வைரக்கட்டம் இருந்தால் மும்பை, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா அச்சு. “செல்லும் சார், கவர்மெண்டு காசுதான்” என்றார். “இல்லண்ணே, எந்த ஊர்ல அடிச்சதுன்னு பாக்குறேன்.” அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “நீங்க எறங்குற ஊரு எதுன்னாவது தெரியுமா?”

உறுப்பினன் ஆனதற்கு இதுவே முதல் அறிகுறி.

நோயின் மூலத்தைத் தேடினால் அது பெரும்பாலும் ஒரு சுருக்குப்பையில் போய் முடியும். என் விஷயத்தில் அது அப்பத்தாவின் சுருக்குப்பை. வெற்றிலைக் காம்பு, கொட்டைப்பாக்கு, இவற்றுக்கு அடியில் ஓர் ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை அடித்த காசு இது. யுத்த காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்ததும் வெள்ளைக்காரன் நடுவில் துளை போட்டு மிச்சம் பிடித்தான். முந்தைய காலணாவின் எடையில் பாதிகூட இதற்குக் கிடையாது. முன்பக்கம் கிரீடம் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ராஜாவின் தலை இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை இருந்ததால் வைக்க முடியவில்லை. 64 சேர்ந்தால் ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்து இதை ஓரங்கட்டியது. அதன் பிறகுதான் இதற்கு நல்ல காலம். குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. போல்ட்டுக்கு வாஷராகவும் போயிருக்கிறது என்பார்கள். திண்டுக்கல் பூட்டு ஏதேனும் ஒன்றுக்குள் இன்னமும் ஜார்ஜ் மன்னரின் கிரீடம் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பது இவ்வாய்வாளனின் துணைக் கருதுகோள். பூட்டை உடைக்க யாரும் சம்மதிக்காததால் அது அப்படியே நிற்கிறது.

காசு வைத்திருப்பவரெல்லாம் உறுப்பினர் அல்லர். லட்சம் எதிர்பார்ப்பவர் என்றொரு பெருங்கூட்டம் உண்டு. டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய்த் தாள், வைஷ்ணவி தேவி படம் போட்ட காசு, எண்ணில் 786 வந்த நோட்டு. எதிர்வீட்டு பாய் பல வருடமாக 786 தாள் ஒன்றைக் குர்ஆன் ரிஹாலுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார். “மாப்ள, இது எம்புட்டுப் போகும்?” என்று ஒருநாள் கேட்டார். “பத்து ரூவாத் தாள் மாமா, பத்து ரூவா போகும்” என்றேன். அன்றிலிருந்து என் புலமையில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. முன்பணம் கட்டினால் பழைய காசுக்கு லட்சம் தருகிறோம் என்று தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. அரிசியை இழுக்கும் காசு இன்னும் ஒரு படி மேல். 1818 என்று பொறித்து, ஒருபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர், மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகம். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அரிசி ஒட்டுவதாக நம்பி வயலை விற்றவர்களுக்கு மிஞ்சியது அரிசிகூட இல்லை. இப்பகுதியில் ஆய்வாளனுக்கு வேடிக்கை வரவில்லை; மேலே செல்கிறேன்.

இனி முந்தைய ஆய்வுகள். சதுரமான ஒரு செம்புக் காசு. ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மீன் சின்னம். குதிரைக்கு மேலே இருந்த கீறல்கள் தமிழ் பிராமி எழுத்து, ‘பெருவழுதி’ என்று அது வாசிக்கிறது என 1980களில் சொன்னவர் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்ககாலப் பாண்டியன் தன் பெயரைக் காசில் போட்டான் என்பது அப்படித்தான் தெரிந்தது. பழஞ்செம்பு எல்லாம் எடைக்குப் போய் உருகிக் குத்துவிளக்கான நாட்டில், ஒரு மனிதர் குனிந்து பார்த்த அளவுக்குத்தான் நமக்கு வரலாறு மிஞ்சியிருக்கிறது.

திண்டுக்கல்லின் பங்கு விவாதத்துக்குரியது. திப்பு சுல்தான் ஊர்ப் பெயர்களை மாற்றிக் காசில் பொறித்தவர். காலிக்காபாத் என்று அவர் பொறித்த ஊர் திண்டுக்கல்தான் என்பது ஒரு கட்சி. ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த ஓர் ஊர் என்பது மறு கட்சி. இரு தரப்புச் சான்றுகளையும் நடுநிலையோடு சீர்தூக்கிப் பார்த்து, சித்தையன்கோட்டையிலிருந்து எது பக்கம் என்ற அளவுகோலால் நான் முதல் கட்சியில் சேர்ந்திருக்கிறேன்.

ரோமானியன் நம் மாவட்டத்துக்கும் வந்திருக்கிறான். பழனிப் பக்கம் கலையம்புத்தூரில் 1856இல் 63 பொற்காசுகள் கிடைத்தன. ஆனால் என் கருதுகோளுக்கு உயிர் கொடுப்பது புதுக்கோட்டைப் புதையல். 1898இல் கறுக்காக்குறிச்சியில் கிடைத்தவை 501 பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு. காசு இனிப் புழங்கக்கூடாது என்பதற்காகவே வெட்டினார்கள் என்பது அறிஞர் பலரின் விளக்கம். அதாவது, தமிழ்நாட்டில் எவரோ ஒருவர் ரோமாபுரிப் பேரரசரை முகத்துக்கு நேரே செல்லாக்காசு ஆக்கியிருக்கிறார். 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு நாம் தொலைக்காட்சியில் கேட்டதற்கு முன்னோடி இது. இங்கே உளி, அங்கே உரை.

அந்த இரவுக்குப் பின்வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தபோது ஆய்வாளன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். பழைய 500, 1000 தாள்களைப் பத்துக்கு மேல் ஒருவர் வைத்திருந்தால் குற்றம், அபராதம் உண்டு. ஆய்வுக்காகவோ நாணயவியலுக்காகவோ வைத்திருந்தால் 25 வரை குற்றமில்லை. சாமானியனுக்கும் அறிஞனுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று பல்கலைக்கழகங்கள் திணறிக்கொண்டிருக்க, நாடாளுமன்றம் எண்ணிக் கொடுத்துவிட்டது: பதினைந்து தாள்.

இப்போது உறுப்பினராகும் சடங்கு. என் முதல் காசு ராஜராஜன் காசு; ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கைக்கருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. சோழன் இதை அள்ளி அள்ளி அடித்திருக்கிறான். இலங்கையில் பொலன்னறுவை மன்னர்களும் பிற்பாடு இதே மாதிரியைப் பார்த்து அடித்துக்கொண்டார்கள். அதனால் விலை ஒன்றும் பெரிதில்லை. ஆயிரம் வருடத்துப் பச்சைக்களிம்போடு இருந்தது. திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் இத்துறையில் பழுத்தவர். அவரிடம் அழுக்கோடு எப்படிக் கொண்டுபோவது? கொல்லையில் உட்கார்ந்து, புளியும் உப்பும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் தகதகவென்று புதுக் குடம்போல ஆயிற்று. எனக்கே கண் கூசியது.

பெரியவர் லென்ஸை எடுத்தார். பார்த்தார். லென்ஸை மேசைமேல் வைத்தார்.

“எதுல தேச்சீங்க தம்பி?”

“புளிங்கய்யா.”

“சோழன் காலத்துலருந்து அது தன்னைத்தானே மூடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க ஒரு காலையில உரிச்சிட்டீங்க.” காசைச் சாய்த்துக் காட்டினார். பச்சைக்களிம்போடு சேர்ந்து எழுத்தின் மேல்விளிம்பும் போயிருந்தது. ‘ராஜராஜ’வில் ஒரு ராஜன்தான் மிச்சம். “இதை விக்கவும் முடியாது, காட்டவும் முடியாது. சரி, உக்காருங்க. டீ சொல்றேன்.”

அவர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் பஞ்சின்மேல் அதே ராஜராஜன் காசு ஒன்று, என்னுடையதைவிடப் பளபளப்பாக.

“நான் எலுமிச்சம்பழம் போட்டேன்” என்றார்.

அந்த டீ வந்த நேரத்தை நான் உறுப்பினன் ஆன நேரமாகக் கொள்கிறேன்.

ஆகவே வாசகர்களுக்கு, குறிப்பாக அடுப்படியில் புளிப்பானை வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். பழைய காசு கையில் சிக்கினால் தேய்க்காதீர்கள். தண்ணீரில்கூட அலசாமல் ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள். உழும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்று தோன்றினால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்கவேண்டும். கலெக்டர் ஆபீஸ் திண்டுக்கல்லில் இருக்கிறது. செம்பட்டியிலிருந்து பஸ் உண்டு. கண்டக்டரிடம் செல்லுகிற காசாகப் பார்த்துக் கொடுங்கள்.