சாம்பல் அணிலும் சம்பளமில்லாக் காவலாளியும்

கேள்வி: பிரிட்டனில் அணிலைச் சுட்டுக் கொல்வதற்குப் பெயர் வனவிலங்குப் பாதுகாப்பாமே?

பதில்: எந்த அணில் என்று கேட்டிருக்கலாம்! அந்த மண்ணுக்குச் சொந்தமானது சிவப்பு அணில். சாம்பல் அணில் வட அமெரிக்காவிலிருந்து வந்தது. 1876-ல் செஷயரில் ஒரு பணக்காரர், தன் தோட்டத்துக்கு அழகாக இருக்குமென்று அவிழ்த்துவிட்டார். அது பழுக்காத ஓக் கொட்டையைக்கூடத் தின்று செரித்தது; சிவப்பு அணிலுக்கு மிச்சம் வைக்கவில்லை. கூடவே அம்மை வைரஸ் ஒன்றையும் சுமந்து வந்தது. அது சாம்பலை அநேகமாக ஒன்றும் செய்யாது, சிவப்பைக் கொல்லும். 1937-ல் இறக்குமதிக்கும் வளர்ப்புக்கும் தடை போட்டார்கள். அறுபது வருடம் கழித்து! ஆங்கில்சி தீவில் சாம்பலை ஒழித்த பிறகுதான் சிவப்பு தலைதூக்கியது.

துப்பாக்கியைவிட எனக்குப் பிடித்த ஏற்பாடு பைன் மார்ட்டன். கீரியைவிடச் சற்றுப் புசுபுசுவென்று இருக்கும்; மரமேறி வேட்டையாடும். வேட்டைக்கென்று வளர்க்கும் பறவைகளைத் தின்கிறது என்று பண்ணைக் காவலர்கள் இதையே கிட்டத்தட்ட தீர்த்துக்கட்டியிருந்தார்கள். அது திரும்பிவந்த அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் காடுகளில் சாம்பல் குறைகிறது, சிவப்பு பெருகுகிறது. சிவப்புக்கு அதன் வாடை தலைமுறைப் பழக்கம், உஷாராகிவிடும். சாம்பலுக்கு அந்த விவரம் போதாது. மார்ட்டன் அவ்வப்போது ஒரு சிவப்பையும் சாப்பிடும்தான். மாமூல் வாங்காத காவலர் எங்கே இருக்கிறார்?