தலை போகிற காரியம்

பிள்ளையாருக்குத் தலை போனபோது மாற்றுத் தலை கிடைக்க அதிக நேரமாகவில்லை. வடக்கே தலைவைத்துப் படுத்திருந்த யானை ஒன்று அகப்பட்டது; காரியம் முடிந்தது. பிட்ஸ்பர்க் கார்னகி அருங்காட்சியகத்தில் இதே வேலைக்கு 64 வருஷம் பிடித்தது.

எஃகு வியாபாரத்தில் கோடீஸ்வரரான ஆண்ட்ரூ கார்னகி 1898இல் ஒருநாள் பேப்பர் படித்தார். வயோமிங்கில் மலை மாதிரி ஏதோ ஒரு டைனோசராம். உடனே தன் அருங்காட்சியகத்தின் இயக்குநர் வில்லியம் ஹாலண்டுக்கு உத்தரவு பறந்தது: வாங்கிப் போடு. ஹாலண்ட் பாதிரியாராக இருந்தவர், பட்டாம்பூச்சிப் பைத்தியம். வலையும் கையுமாகத் திரிந்தவரை டைனோசர் பிடிக்க அனுப்பினால் என்ன ஆகும்? பிடித்துவிட்டார்! அவருடைய ஆட்கள் 1899இல் தோண்டியெடுத்த டிப்ளோடோகஸுக்கு முதலாளியின் பெயரையே வைத்தார்கள். எட்வர்ட் மன்னர் அதன் படத்தைப் பார்த்து ஆசைப்பட, பிளாஸ்டரில் நகலெடுத்து, 36 பெட்டிகளில் கட்டி, 1905இல் லண்டனில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிறகு பெர்லின், பாரிஸ், வியன்னா என்று தாம்பூலப் பை மாதிரி ஊர் ஊராகக் கொடுத்தார்கள்.

அதே 1905இல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஹென்றி ஆஸ்போர்ன் ஒரு ப்ரோண்டோசாரஸை நிறுத்தினார். உடம்பு இருந்தது, தலை கிடைக்கவில்லை. அதனாலென்ன? கமராசாரஸ் என்ற வேறு இனத்தின் சாயலில், குட்டை மூஞ்சியாக ஒரு தலையைச் செய்து மாட்டிவிட்டார். பார்க்க வந்த கூட்டம் கைதட்டிவிட்டுப் போனது.

1909இல் ஹாலண்டின் ஆள் ஏர்ல் டக்ளஸ், யூட்டா பாறையில் வரிசையாக எட்டு வால் எலும்புகள் துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். வாலைப் பிடித்துக்கொண்டே தோண்டினால் எழுபது அடிக்கு மேல் போகிறது விலங்கு. சாக்குத் துணியையும் பிளாஸ்டரையும் சுற்றிப் புத்தூர்க் கட்டு போட்டு, குதிரை வண்டியில் ஏற்றி ரயிலடிக்கு அனுப்பினார்கள். ஹாலண்ட் அதற்குக் கார்னகியின் மனைவி பெயரைச் சூட்டினார்: அபடோசாரஸ் லூயிசே. வேறு வீடாக இருந்தால் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது.

கழுத்து முடிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தலையும் கிடைத்தது. நீள மூஞ்சி, டிப்ளோடோகஸ் ஜாடை. இதுதான் இவனுடைய தலை என்று ஹாலண்டுக்குத் தோன்றிவிட்டது. அப்படியானால் நியூயார்க்கில் நிற்கும் இவனுடைய சொந்தக்காரன் ப்ரோண்டோசாரஸின் தலை? ஆஸ்போர்ன் கேலியாக, ‘தைரியமிருந்தால் மாட்டிப் பாரேன்’ என்று சவால் விட்டார். இதை ஹாலண்டே 1915இல் எழுதிவைத்திருக்கிறார்.

மாட்டினாரா? அதுதான் இல்லை. ஆஸ்போர்ன் அந்தத் துறையின் பெரிய புள்ளி. எதிர்க்கத் துணிச்சல் வரவில்லை. அவர் சொன்ன தலையை மாட்டவும் மனசு வரவில்லை. ஆகவே மாமியார், நாத்தனார் சண்டையில் பந்தியில் இலை மட்டும் போட்டுச் சாதம் போடாத கதையாக, அபடோசாரஸ் கழுத்தோடு நின்றது. பார்க்க வந்த குழந்தைகள் அண்ணாந்து பார்த்து, ‘தலை எங்கே?’ என்று கேட்டிருக்காதா?

1932இல் ஹாலண்ட் கண்ணை மூடினார். 1934இல் ஒரு தலை ஏறியது. எந்தத் தலை? ஆஸ்போர்ன் கட்சியின் கமராசாரஸ் தலை! அது 45 வருஷம் போட்டோவுக்கு நின்றது. எழுபதுகளில் மெக்கின்டாஷ், பெர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் கிளறி, ஹாலண்ட் சொன்னதுதான் சரி என்றார்கள். 1979இல் தலை மாறியது. புதிதாக மாட்டியது டக்ளஸ் தோண்டியனுப்பிய அந்தப் பழைய தலையின் நகலைத்தான். அசல், அத்தனை வருஷமும் அதே அருங்காட்சியகத்தில், டிப்ளோடோகஸ் என்ற பெயரில் கிடந்தது.