ஆகாசத்துக்கும் ஆளு உண்டு மருமோனே

வாடே மருமோனே! கையில புது ட்ரோனா? கொள்ளாம். கன்னியாகுமரியில கலியாணமாக்கும். மாப்பிள்ளைக்க வழுக்கைய மேலேருந்து ஊருக்கெல்லாம் காட்டணும்லா, பறத்து, பறத்து.

மேப்பு பாக்கணுமாவா? எதுக்குடே? 2021 ட்ரோன் விதியில, பறத்துகதுக்கு முன்ன அரசுக்க டிஜிட்டல் ஸ்கை தளத்துல உள்ள மேப்பப் பாத்தே ஆகணும்னு எழுதி வச்சிருக்கான். அதெல்லாம் புத்தியில்லாதவனுக்கு. மேப்புல பச்சைன்னா 400 அடி வரைக்கும் யாருகிட்டயும் கேக்காண்டாம், மஞ்சள்னா விமானப் போக்குவரத்தக் கட்டுப்படுத்துகவன்கிட்ட கேக்கணும், செவப்புன்னா டெல்லியே சம்மதிக்கணும். இதெல்லாம் நீ அம்மைக்க வயித்துலேயே படிச்சவன்லா.

"போன மாசம் பச்சையாத்தான் கெடந்துது மாமா"ங்க. சரிதான். கன்னிப்பூவுக்குப் பச்சையா கெடந்த வயலு அறுப்பு முடிஞ்ச பொறவும் பச்சையாவாடே கெடக்கும்? எஸ்.பி. ரேங்குல ஒரு ஆபீசரு நெனச்சாப் போதும், ஒரு எடத்தத் தற்காலிகமா செவப்பாக்கிரலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரைக்கும். உனக்கு வெத்தல பாக்கு வச்சுச் சொல்லமாட்டாரு. மேப்புல போடுவாரு, பாக்குகது உனக்க பாடு.

2024 மே 30 சாயங்காலம் பிரதமரு விவேகானந்தர் பாறையில தியானத்துக்கு உக்காந்தாரு, ஜூன் 1 வரைக்கும். கரையெல்லாம் போலீசு. அன்னைக்கி நீ திருவள்ளுவரு தலைக்கு மேல கேமராவ விட்டிருந்தா அவருக்க தியானம் கலைஞ்சிருக்காது. உனக்க அம்மைக்க தூக்கம்தான் கலைஞ்சிருக்கும்.

கெழக்க போறியா? தாராளமாப் போ. கூடங்குளத்துல அணு உலை, மகேந்திரகிரியில இஸ்ரோ, விஜயநாராயணத்துல கடற்படை. எல்லாரும் ஆல்பத்துக்குப் போஸு குடுக்கத்தான் காத்துக் கெடக்கான்.

வெளையாட்டுக்குப் பறத்துனா 2 கிலோ வரைக்கும் பைலட் சர்டிபிகேட் வேண்டாம். நீதான் துட்டு வாங்குகியே! உனக்க சாமானம் 250 கிராமுக்கு மேலன்னா அதும் வேணும். விதிய மீறுனா அபராதம் ஒரு லட்சம் வரைக்கும் போவும். கலியாணக்காரன் தருகது போக மீதிக்கு அம்மைக்க செயின் கெடக்குல்லா, என்ன பயம்?

போயிட்டு வா மக்கா. மோட்டார முடுக்குகதுக்கு முன்ன மேப்பத் தொறக்க மனசு வந்தா தொற, வராட்டா வேண்டாம். புடிச்சு வச்சான்னா மட்டும் எம்பேரச் சொல்லிராத. இன்னாருக்க மருமோன்னு தெரிஞ்சா ரெண்டு நாளு கூட வச்சுத்தான் விடுவான்!