போயாக்காரர்

நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு ஒரு போயாக்காரராவது இருப்பார். வயது ஐம்பதுக்கு முன்னே பின்னே. தொழில் ஆட்டோ. கிளினிக் கொப்பியில் சீனி ஏறியிருக்கும், பிரஷர் அதற்குத் துணைக்கு நிற்கும். உடம்பையும் மனதையும் ஒருசேரத் திருத்தப்போகிறார். எப்போது? அடுத்த போயாவுக்கு.

ஏன் போயா என்றால், அன்றைக்கு நல்லவராக இருக்க அரசாங்கமே ஒத்தாசை செய்கிறது. நாடு முழுக்கத் தவறணை பூட்டு, இறைச்சிக் கடையும் பூட்டு. முதல் நாள் பின்னேரமே ஒரு போத்தல் வாங்கி வைப்பது விருந்தாளி யாராவது வந்துவிட்டால் என்பதற்காக. வராத விருந்தாளிக்காகப் போத்தல் கெட்டுப்போக விடுவாரா?

1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு லீவை எடுத்துவிட்டு, அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அரைப்பிறை என்று மாதத்துக்கு நாலு போயா லீவு விட்டார்கள். நம்மவர் அந்தக் காலத்தில் பெரியாளாக இருந்திருந்தால் மாதம் நாலு தடவை திருந்தியிருப்பார். இப்போது பௌர்ணமி ஒன்றுதான் மிச்சம். அவர் மேல் குற்றம் சொல்லி என்ன செய்ய?

திருந்துவதில் முதல் வேலை நடை. அதற்குத் தடை ஒன்றிரண்டா? சப்பாத்து வாங்கியாயிற்று. பதுளைக் கடையில் பேரம் பேசி எடுத்த வெள்ளைச் சப்பாத்து. கடைக்காரன் உள்ளே திணித்த காகிதம் இன்னும் அப்படியே இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு மட்டும் அதை உருவிவிட்டுப் போடுவார். ஐப்பசி தொடங்கித் தை வரை மழை, மூடுபனி, அட்டை. காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு பொம்பளைகள் கொழுந்து மலைக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, "இந்த அட்டைக்குள்ள மனுசன் நடக்க ஏலுமா?" என்பார். சரி, மழை விட்டது. ஆடியில் கச்சான் காற்று வரும். ஊவாத் தேயிலைக்கு ருசி ஏறுவது அந்தக் காற்றில்தான். அவருக்கு ஏறுவது தடிமன்.

நமுனுகுல மலை 2,000 மீற்றரைத் தாண்டி வாசலுக்கு நேரே நிற்கிறது. அதைப் பார்த்துக் கும்பிடுவதோடு சரி. மேலே ஏறாதது பயத்தால் அல்லவாம், மரியாதையாலாம்.

ஆன்மிகத்தில் ஆள் இன்னும் தீவிரம். சிவனொளிபாத மலை சீசன் மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவில் முடிகிறது. அவருக்கென்றே வைத்த மாதிரி. வேனில் முதல் சீட் அவருக்கு. நல்லதண்ணியிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட படி. இரண்டு தேத்தண்ணிக் கடை தாண்டியதும் உட்கார்ந்துவிடுவார். "எல்லாரும் ஏறிட்டா பையையெல்லாம் யாரு பாக்குறது? நீங்க போய்ட்டு வாங்க தம்பி, எனக்கும் சேத்துக் கும்பிடுங்க." சூரியோதயம் பார்க்காமலே அதை அவர் வர்ணிப்பதைக் கேட்டால், ஏறிப் பார்த்தவன் வெட்கப்படுவான்.

கதிர்காமத்துக்கு நடந்தே வருவதாக வருசா வருசம் நேர்த்தி. பசறை, மொனராகலை, புத்தல என்று வழியெல்லாம் மனப்பாடம். புறப்படுகிற அன்றைக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும், ஆட்டோ ஸ்டார்ட் ஆகும். புத்தல தாண்டினால் யானை நடுரோட்டில் நின்று பழம் கேட்கிற ஊர். சீனிக்காரர் சாப்பிடக்கூடாதென்று கிளினிக்கில் சொன்ன மாம்பழம், வாழைப்பழம் எல்லாம் மடியில் ஏன் இருந்தது என்று யானை கேட்பதில்லை. கதிர்காமத்தில் மூலஸ்தானம் எப்போதும் திரைக்குப் பின்னால். இந்த ஏற்பாடு அவருக்கு ரொம்பப் பிடிக்கும். முருகன் முகத்தைப் பார்த்து நேர்த்தியைத் தள்ளிப்போடுவது கஷ்டம், திரையிடம் சொல்லிவிடலாம். அங்குள்ள ஏழுமலைக்கு ஜீப் ஓடுவது தனி அருள்.

போன வருசம் மகன் கொழும்பிலிருந்து ஒரு போன் கொண்டுவந்து கொடுத்தான். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுமாம், பத்தாயிரம் தொட்டால் பாராட்டுமாம். அந்தப் பத்தாயிரமும் வைத்தியர் யாரும் கண்டுபிடித்த கணக்கல்ல. 1965இல் ஜப்பானில் அடியெண்ணும் கருவி விற்றவர்கள் அதற்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. நம்மவருக்கும் அது விற்பனைச் சரக்காகத்தான் பட்டது. காலையில் பெரட்டுக்குக் கிளம்பிய மனைவியின் படங்குக்குள், இடுப்புக் கயிற்றோடு சேர்த்து போனைச் செருகிவிட்டார். "பத்திரமா இருக்கட்டும், இங்க சிக்னல் இல்ல."

அந்தம்மா விடிய ஆறரைக்கு முதல் மலைக்கு ஏறி, தோட்டம் கேட்கிற கிலோவைப் பிடிக்க நிரைக்கு நிரை ஏறி இறங்கி, கொழுந்து நிறுக்கிற இடத்துக்குக் கூடையோடு நடந்து, பகலைக்குப் பிள்ளைக்காம்பராவில் பேரனை எட்டிப் பார்த்து, திரும்ப மலைக்கு ஏறி, அந்தியில் விறகுச் சுமையோடு லயத்துக்கு வந்தார். போன் பத்தாயிரத்தை எப்போதோ தாண்டியிருந்தது. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் அதைக் கைக்குக் கை அனுப்பினார் நம்மவர். "சும்மா சொல்லக் கூடாதுண்ணே, தவம் மாதிரிதான்" என்றார்கள். அடக்கமாகச் சிரித்தபடி இன்னொரு சீனி போட்ட பிளேன்டீக்குச் சொன்னார்.

மாதம் முழுக்க இப்படிப் போயிற்று. கிளினிக் நாள் வந்தது. போனை முதலில் நீட்டினார், விரலைப் பிறகு. டொக்டர் அடிக்கணக்கைப் பார்த்தார், இரத்தக் கணக்கைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"இவ்வளவு நடந்தும் சீனி இறங்கலையே ஐயா. மாத்திரை பத்தாது போல" என்று சொல்லிக் கொப்பியில் இரண்டு மடங்காக எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

"ஏங்க, நடக்குறது நானு. மாத்திர ஒங்களுக்கா?"