எலும்புக்கும் உயிர் உண்டு!

கே: கை எலும்பு முறிந்தால் சில வாரங்களில் கூடிவிடுகிறது. முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்தால் மட்டும் ஏன் திரும்ப வளர்வதில்லை?
– ஒரு வாசகி, கும்பகோணம்

ப: எலும்புக்குள் ரத்தக் குழாய் ஓடுகிறது. பழையதை அரித்தெடுக்க ஆஸ்டியோகிளாஸ்ட், புதிதாகக் கட்ட ஆஸ்டியோபிளாஸ்ட் என்று இரண்டு வகைச் செல்கள் ஓயாமல் வேலை பார்க்கின்றன. பெரியவர்களின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதிதாகிறது. குருத்தெலும்பிலோ ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதன் செல்கள் தனித்தனிக் குழிகளில் உட்கார்ந்து, மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வருவதை உண்டு பிழைக்கின்றன. சாலையே போடாத ஊருக்கு சிமென்ட் லாரி எப்படிப் போகும்? கெட்ட குருத்தெலும்பு மீளாது என்று 1743-லேயே வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். இன்றைய மருத்துவமும் அவரை முழுசாகத் தோற்கடித்துவிடவில்லை.

கே: எலும்பு என்றால் கால்சியம்தானே?
– ஒரு வாசகர், தேனி

ப: பாதிதான் சரி. தின்று மிச்சம் வைத்த கோழி எலும்பை வினிகரில் சில நாள் ஊறப் போடுங்கள். கால்சியம் உப்பு கரைந்துபோக, மிஞ்சி நிற்கும் கொலாஜன் வளைந்து கொடுக்கும். விறைப்பாக நிற்க உப்பு, சட்டென்று உடையாமல் இருக்க கொலாஜன். இரண்டில் எது குறைந்தாலும் மாவுக்கட்டுதான்!

கே: வாத்தியார் அத்தனை திருகியும் என் காது ஏன் உடையவில்லை?
– ஒரு வாசகர், நெய்வேலி

ப: அங்கே இருப்பது எலாஸ்டின் இழைகள் நிறைந்த குருத்தெலும்பு. விட்டதும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். வாத்தியார் போனதும் நீங்களும் அப்படித்தானே திரும்பினீர்கள்?