பசு சுத்தமா, நெய் சுத்தமா?

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையின் நடவடிக்கைப் புத்தகத்தில், சென்ற பொதுக்கூட்டத்தைப் பற்றி, "எல்லா அங்கத்தினர்களும் வரவில்லை" என்று காரியதரிசி எழுதியிருக்கிறார். ஒருவருமே வராத கூட்டத்தில் சந்தாவை உயர்த்தும் தீர்மானம் எப்படி நிறைவேறியிருக்க முடியும் என்று ஓர் அங்கத்தினர் கேட்கிறார். அவர் வாதம் செல்லுமா? (கும்பகோணத்து வாசகர்)

பதில்: அந்த அங்கத்தினர் எத்தனை மாதச் சந்தா பாக்கி வைத்திருக்கிறார் என்பதை நீங்கள் விசாரித்துக்கொண்டிருங்கள், அதற்குள் நாம் இலக்கணத்தைப் பார்த்துவிடலாம். காரியதரிசி எழுதிய அந்த மூன்று சொற்களுக்குள்ளே இரண்டு கூட்டங்கள் நடந்திருக்கின்றன. ஒன்றில் நாற்காலிகள் யாவும் காலி. மற்றொன்றில் சில நாற்காலிகள் மாத்திரம் காலி. 'உம்' என்னும் இடைச்சொல் முற்றுப்பொருளில் நின்று எதிர்மறை வினையோடு முடியும்போது, அந்த மறுப்பு அங்கத்தினர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சென்று தொடுகிறதா, அல்லது 'எல்லாரும்' என்ற மொத்தத்தை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடுகிறதா என்பது சொல்லளவில் விளங்குவதில்லை. இது நம் காலத்துக் காரியதரிசிகள் கண்டுபிடித்த குழப்பமன்று. முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளும் தரும் என்று தொல்காப்பியரும், அவரைப் பின்பற்றி நன்னூலாரும் விதியே வகுத்திருக்கிறார்கள். பத்தையும் கொடுக்காதே என்று ஒருவனிடம் சொன்னால், சிலவற்றைக் கொடு என்பதும் அதற்குள் மறைந்து நிற்கும் பொருளாகலாம் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள்.

இலக்கணம் இவ்வளவோடு நின்றுகொள்ளும். விபரீதம் தர்க்கத்தில்தான் தொடங்குகிறது. "எல்லாரும் வந்தார்கள் என்பது உண்மையன்று" என்பதை நிரூபிக்க ஒரே ஒரு காலி நாற்காலி போதும். "ஒருவரும் வரவில்லை" என்பதை நிரூபிக்கவோ மண்டபத்திலுள்ள நாற்காலிகள் அனைத்தும் சாட்சி சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் செய்வது என்னவென்றால், சிலர் வரவில்லை என்பது ஊரறிந்த உண்மையாகையால், அந்தப் பொருளில் வாக்கியத்தை உங்களை ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டு, நீங்கள் தலையசைத்த மறுகணமே, எவரும் வரவில்லை என்னும் மற்றப் பொருளிலிருந்து தம் முடிவை உருவிக்கொள்கிறார். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் இருப்பது பெரிய குற்றமன்று. மனிதர் பேசும் பாஷைகள் யாவற்றிலும் உள்ளதுதான். ஒரு வழக்கை ஓர் அர்த்தத்தில் தொடங்கி மற்றோர் அர்த்தத்தில் முடிப்பதுதான் குற்றம். பட்டப்பகலில், சபை நடுவே, எல்லாருடைய சம்மதத்தோடும் நடப்பதால் அதை எவரும் திருட்டென்று சொல்வதில்லை.

தீர்மானம் செல்லும். சந்தாவைக் கட்டச் சொல்லுங்கள். இனிமேல் "சிலர் வரவில்லை" என்று எழுதும்படி காரியதரிசிக்கும் சொல்லுங்கள்; ஒரு சொல் மிச்சம், ஒரு வியாஜ்யமும் மிச்சம்.

கேள்வி: எங்கள் தெருக் கடைப் பலகையில் "சுத்தமான பசு நெய் கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறது. சுத்தம் பசுவுக்கா, நெய்க்கா? (வேலூர் வாசகி)

பதில்: பசு குளித்திருந்தது என்பதற்கு மட்டும் கடைக்காரர் உத்தரவாதம் கொடுக்கிறார். நாளைக்கு வழக்கு வந்தால் அவருடைய வக்கீல் இந்தப் பொருளைத்தான் சொல்வார். "பசுவின் சுத்தமான நெய்" என்று மாற்றி எழுதச் சொல்லிப் பாருங்கள், அம்மா. அவர் தயங்கினால் அடுத்த தெருவிலும் கடை இருக்கிறது.

கேள்வி: வேற்றுமை உருபுகளை மறைக்காமல் விரித்து எழுதிவிட்டால் பொருள் மயக்கம் என்பதே வராது என்று எங்கள் தமிழாசிரியர் சொல்கிறார். உண்மைதானா? (திருநெல்வேலி மாணவர்)

பதில்: முக்கால்வாசி உண்மை. உம்முடைய ஆசிரியர் 'புலி கொல் யானை' என்னும் பழைய உதாரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசியிருப்பார். அந்தத் தொடரில் கொன்றது புலியா, யானையா என்பது தெரியாது. புலியைக் கொன்ற யானை என்றும் விரிக்கலாம், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் விரிக்கலாம். செய்தவனும் செய்யப்பட்டவனும் இப்படி இடம் மாறித் தடுமாறுவதால் இதற்குத் 'தடுமாறு தொழிற்பெயர்' என்றே பழைய இலக்கணம் பெயரிட்டது. யானை ஓடுகிறது என்று அடுத்து வந்தால் செத்தது புலி. யானையின் தந்தம் சந்தைக்கு வந்தது என்று வந்தால் செத்தது அநேகமாக யானை. பின்னால் வரும் சொல்லைப் பார்த்துத் துணிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆனால் உருபு வெளிப்படையாக நின்றும் கவிழ்ந்த கதை ஒன்று உண்டு. அதிலும் யானைகள் வருகின்றன. கிரேக்க நாட்டுப் பக்கத்தில் எபிரஸ் என்னும் தேசத்தை ஆண்ட பிர்ரஸ் மன்னன், கி.மு. 280-இல், இருபது யானைகளையும் பெருஞ்சேனையையும் கப்பலேற்றிக்கொண்டு ரோமர்களோடு பொருத இத்தாலிக்குச் சென்றான். புறப்படுமுன் அவன் டெல்பியில் அப்பல்லோ தேவனிடம் குறி கேட்டதாகவும், தேவன் கூறிய விடையில் வெல்ல வல்லவர் பெயரும் வெல்லப்படுபவர் பெயரும் இரண்டுமே இரண்டாம் வேற்றுமையில் நின்றதாகவும், ஆகவே 'நீ ரோமரை வெல்ல வல்லாய்' என்றும், 'ரோமர் உன்னை வெல்ல வல்லார்' என்றும் அவ்விடைக்கு ஒருங்கே பொருள் கொள்ளலாம் என்றும் லத்தீன் கவி என்னியஸ் பாடிவைத்தான். பிறர் கூற்றை எடுத்துரைக்கும்போது எழுவாயையும் செயப்படுபொருளையும் ஒரே வேற்றுமையில் நிறுத்துவது லத்தீன் இலக்கணத்தின் வழக்கம். உருபு ஒளிந்துகொள்ளவில்லை, இரண்டு பெயரின் மேலும் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது, அதுவே வினையாயிற்று. மன்னன் முதல் இரண்டு பெரும் போர்களில் வென்றான். வென்ற போர்களிலேயே சேனை தேய்ந்து, கி.மு. 275-இல் பெனவென்டத்துப் போருக்குப் பின் இத்தாலியை விட்டுக் கிளம்பினான். இன்றைக்கும் தோல்விக்குச் சமமான வெற்றிக்கு ஐரோப்பியர் அவன் பெயரைத்தான் இடுகிறார்கள்.

இந்தக் கதையை ஆராய்ந்த ரோமானிய அறிஞர் சிஸரோ ஓர் ஆட்சேபம் கிளப்பினார். அப்பல்லோ லத்தீனில் பேசியதே கிடையாது. கிரேக்கர்கள் இப்படியொரு குறியைக் கேள்விப்பட்டதும் இல்லை. போதாக்குறைக்குப் பிர்ரஸின் காலத்துக்கு முன்பே அந்தத் தேவன் செய்யுள் இயற்றுவதை நிறுத்திவிட்டார் என்று அவர் எழுதியதைப் படிக்கும்போது, ஒரு தேவனை இவ்வளவு மரியாதையாகச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டவர் வேறு எவரும் இருக்க முடியாது என்று தோன்றுகிறது. கதை கட்டுக்கதையே ஆனாலும் அதில் வரும் மன்னனின் அனுமானம் கட்டுக்கதையன்று. இரண்டு பொருளில் தனக்கு இனித்ததை எடுத்துக்கொண்டு, மற்றொன்று இருப்பதையே பார்க்காமல் கப்பலேறுகிறவர்கள் நம் வீட்டுக் கலியாணப் பேச்சுகளிலும் இருக்கிறார்கள். அரிஸ்டாட்டில், சொல்லமைப்பினால் நேரும் போலி நியாயங்கள் ஆறு என்று எண்ணி, தொடரின் இருபொருளை அவற்றுள் ஒன்றாகத் தனியே பிரித்து வைத்தார். அதற்கு அவர் காட்டும் உதாரணமும், பிடிப்பவர் யார், பிடிபடும் பகைவர் யார் என்று தெரியாத ஒரு வாக்கியமே. புலி, யானை, பகைவர், மன்னர்: அடிதடி நடக்கும் இடத்தில்தான் இலக்கணமும் தடுமாறுகிறது போலும்!

கேள்வி: மாற்றலாகிச் செல்லும் எங்கள் மேலதிகாரிக்கு வாசித்தளித்த உபசாரப் பத்திரத்தில், "இவர் ஒருநாளும் பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டதில்லை" என்று எழுதினோம். அன்று முதல் அவர் எங்களோடு பேசுவதில்லை. புகழ்ந்ததில் என்ன பிழை? (பெயர் வெளியிட விரும்பாத குமாஸ்தா)

பதில்: பெயரை வெளியிட விரும்பாததிலிருந்தே உமக்கும் கொஞ்சம் சந்தேகம் இருப்பது தெரிகிறது. 'வாங்கிக்கொண்டு' என்பது வினையெச்சம். 'போட்டதில்லை' என்பது எதிர்மறை முற்று. இந்த எதிர்மறை எச்சத்தின்மேல் மட்டும் பாய்ந்தால், அதிகாரி கையெழுத்துப் போட்டார், பணம் வாங்கவில்லை. இது நீங்கள் நினைத்தது. முற்றோடு மட்டும் நின்றால், பணம் வாங்கினார், கையெழுத்துப் போடவில்லை. இது அவர் நினைத்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால், பணமும் வாங்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. கட்டுகள் இன்னும் மேஜைமேல் கிடக்கின்றன. இது பொதுஜனங்கள் நினைத்தது. மூன்றில் எது மெய் என்று எனக்குத் தெரியாதாகையால் அபிப்பிராயம் சொல்வதற்கில்லை. இதைவிட நயமான பிரயோகம் ஒன்று உண்டு: "பணம் வாங்கிக்கொண்டு இவர் வேலையை முடிக்காமல் இருந்ததே இல்லை" என்பது. அப்படி எழுதியிருந்தால் அவர் வழியனுப்பு விழாவிலேயே பேச்சை நிறுத்தியிருப்பார்.

கேள்வி: "படித்தால்தான் தேறுவாய் என்றீர்கள்; படித்தேன், தேறவில்லை; ஆகவே நீங்கள் சொன்னது பொய்" என்கிறான் என் மகன். என்ன பதில் சொல்வது? (சேலத்துத் தகப்பனார்)

பதில்: படித்தானா என்பதை நான் கேட்கப் போவதில்லை, அது உங்கள் குடும்ப விவகாரம். 'தான்' என்னும் சொல், படிப்பு இல்லாமல் தேர்ச்சி இல்லை என்று கதவைச் சாத்துகிறதே ஒழிய, படித்தவர்களையெல்லாம் உள்ளே அழைத்து உட்காரவைக்கிறேன் என்று வாக்குக் கொடுப்பதில்லை. மழை பெய்தால்தான் புஞ்சை விளையும் என்பதால், மழை பெய்த புஞ்சையெல்லாம் விளைந்தே தீரும் என்று எந்த விவசாயியும் அனுமானிப்பதில்லை. ஆகவே நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் 'தான்' போடாமல், "படித்தால் தேறுவாய்" என்று என்றைக்காவது வாய்தவறிச் சொல்லியிருந்தால் பையன் பக்கம் நியாயம் இருக்கிறது. நினைவுபடுத்திப் பாருங்கள்; "தேறினால் சைக்கிள்" என்று சொன்ன அன்று 'தான்' இருந்ததா என்பதையும் சேர்த்து நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வடமொழியில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, அது ஐயத்துக்கே இடமில்லாத பாஷை என்று ஒரு பண்டிதர் அடித்துச் சொல்கிறார். (காஞ்சிபுரத்து வாசகர்)

பதில்: அப்படியானால் விருத்திராசுரன் இன்னும் உயிரோடிருக்க வேண்டும். தன் புதல்வனைக் கொன்ற இந்திரனைப் பழிவாங்க ஓர் அசுரனை வேண்டி வேள்வி செய்த துவஷ்டா, 'இந்திர சத்ரு' வளர்க என்று அக்கினியில் ஆகுதி இட்டான். அந்தச் சமாசத்தின் கடைசி அசையை எடுத்து ஒலித்தால் இந்திரனைக் கொல்பவன் என்று பொருள். முதல் அசையை எடுத்து ஒலித்தால் இந்திரனைத் தன்னைக் கொல்பவனாக உடையவன் என்று பொருள். துவஷ்டா முதல் அசையை எடுத்தான். அசுரன் மந்திரத்தின்படியே வளர்ந்து, மந்திரத்தின்படியே இந்திரனால் மாண்டான். இலக்கணம் ஏன் படிக்க வேண்டும் என்பதற்குப் பதஞ்சலி முனிவர் தம் மகாபாஷ்யத்தில் இந்த விருத்தாந்தத்தைத்தான் நினைவூட்டுகிறார்.

தர்க்கத்துக்கோ நியாய சாஸ்திரம் இருக்கிறது. 'நவகம்பலன்' என்று ஒரு பையனைச் சொன்னால், புதிய கம்பளம் உடையவன் என்பது கருத்து. எதிர்வாதி உடனே, 'நவ' என்பதற்கு ஒன்பது என்றும் பொருள் உண்டல்லவா, ஒன்பது கம்பளம் எங்கே, இவனிடம் இருப்பது ஒன்றுதானே என்று கைகொட்டுகிறான். பிரித்துப் பார்த்தால் புதுமையும் ஒன்பதும் விலகிவிடும். சமாசத்துக்குள் இரண்டும் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. இதற்கு வாக்சலம் என்று பெயரிட்டு, வாதத்தில் தோற்கிறவர்கள் செய்யும் கபடங்களுள் ஒன்றாக வாத்ஸ்யாயனர் தம் பாஷ்யத்தில் விளக்கியிருக்கிறார். ஐயத்துக்கே இடமில்லாத பாஷையில் இவ்வளவு பெரிய ஜாபிதா எதற்கு என்று உங்கள் பண்டிதரைக் கேளுங்கள். கோபிக்காமல் பதில் சொன்னால் அவர் மெய்யான பண்டிதர்.

கேள்வி: காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய குறிகள் அச்சில் வந்த பிறகு இந்த மயக்கங்கள் ஒழிந்துவிட்டன அல்லவா? (மதுரை அச்சுக்கூடத் தொழிலாளர்)

பதில்: ஒழியவில்லை, சில சமயம் புள்ளியே வழக்காகிவிடுகிறது. முதல் உலக யுத்தத்தின்போது, ஜெர்மனியில் சிறையிருந்த ஐரிஷ் போர்வீரர்களைப் பிரிட்டனுக்கு எதிராகத் திரட்ட முயன்ற ரோஜர் கேஸ்மென்ட் மீது, 1916-இல் லண்டனில் ராஜத்துரோக வழக்கு நடந்தது. சட்டமோ 1351-ஆம் வருஷத்தது, நார்மன் பிரெஞ்சு பாஷையில் எழுதப்பட்டது. நாட்டுக்குள் அரசனுடைய பகைவரைச் சார்ந்து, அவர்களுக்கு நாட்டிலோ வேறிடத்திலோ உதவி செய்பவன் துரோகி என்பது அதன் சாரம். 'வேறிடத்திலோ' என்பது கடைசித் தொடரை மட்டும் தழுவுமானால், நாட்டுக்கு வெளியே நடந்தவற்றுக்குக் கேஸ்மென்டைத் தண்டிக்க இச்சட்டத்தில் இடமில்லை; முன்னுள்ளதையும் தழுவுமானால் மரணம். நீதிபதிகள் பழைய மூலச்சுருளையே நேரில் பார்த்து, அதிலுள்ள கோடு நிறுத்தக்குறியா, சுருளின் மடிப்பா என்று ஆராயும் அளவுக்கு விஷயம் சென்றது. அப்பீலும் நிற்கவில்லை, ஆகஸ்டு 3-ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். ஒரு காற்புள்ளி அவரைக் கொன்றது என்று சொல்கிறார்கள். காற்புள்ளிக்கு அவ்வளவு அதிகாரம் கொடுக்க நான் தயாராக இல்லை. டப்ளினில் ஐரிஷ் கலகம் நடந்து நான்கு மாதம்கூட ஆகாத சமயம். சட்டம் எப்படி நிறுத்திப் படிக்கப்பட வேண்டும் என்பதைச் சட்டப் புத்தகத்துக்கு வெளியே இருந்தவை நிச்சயித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: உங்கள் பதில்களைப் போல மற்றப் பத்திரிகைகளின் பதில்கள் தெளிவாக இல்லை. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: எங்கள் பதில்கள் தெளிவாக இருக்கின்றன, அவர்களுடையவை அப்படியில்லை என்கிறீர்களா? அல்லது எங்கள் பதில்களும் தெளிவாக இல்லை, அவர்களுடையவையும் இல்லை என்கிறீர்களா? 'போல' என்னும் உவமவுருபு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பிர்ரஸ் மன்னனின் மரபைப் பின்பற்றி முதல் பொருளையே எடுத்துக்கொண்டேன், மிக்க வந்தனம். விளக்கம் எழுத வேண்டாம்.